சர்ப்ரைஸ் டீம் அவுட்டிங்: "அல்லது இணையானது" என்ற வரியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஆபீஸ் டீமை ஒரு நாள் நகருக்குள் அழைத்துப் போகிறோம், எங்கே என்பது கடைசி நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது, எல்லாம் எங்கள் பொறுப்பு என்று வரும் ஏற்பாட்டாளர்களில் ஒரு ரகம் உண்டு. எந்த இடம் என்று கேட்டால், "சொல்லிட்டா சர்ப்ரைஸ் போயிடுமே சார்" என்பார்கள். அங்கேயே உஷாராகிவிட வேண்டும். சர்ப்ரைஸ் டீமுக்குத்தான். பணம் கட்டுகிறவரின் கண்ணையும் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்றால் காரணம் வேறு.

38 பேர் கொண்ட ஒரு டீம் அண்மையில் இப்படித்தான் ஏமாந்தது. கொட்டேஷனில் நான்கே வரி: ஏசி பஸ், எஸ்கேப் ரூம் (பூட்டிய அறையில் புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் ஆட்டம்) "அல்லது இணையானது", மதியச் சாப்பாடு, நகரில் டிரெஷர் ஹன்ட் (துப்புகளைப் பின்தொடர்ந்து இடம் இடமாகத் தேடும் ஆட்டம்). காலை 9 முதல் மாலை 6 வரை, தலைக்கு இவ்வளவு. "இணையானது" என்றால் சொன்னதற்குப் பதில் வேறு எதையாவது கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். முகவரி இல்லை, எத்தனை ரூம் என்று இல்லை, யார் கூட வருவார்கள் என்றும் இல்லை.

எஸ்கேப் ரூம் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ரூம்கள் 4 முதல் 6 பேருக்கானவை. ஆட்டம் 60 நிமிஷம். விதிகளைச் சொல்ல 10, முடிந்தபின் பூட்டுகளையும் பொருள்களையும் பழையபடி வைக்க 10. ஆக ஒரு சுற்றுக்கு 80 நிமிஷம். அந்த இடத்தில் இருந்ததோ 3 ரூம். அதாவது சுற்றுக்கு 18 பேர். 38 பேருக்கு மூன்று சுற்று, 4 மணி நேரம். ஏற்பாட்டாளர்கள் ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம். என்ன செய்வார்கள்? ஒரே சுற்றுக்குப் பணம் கட்டிவிட்டு, ரூமுக்கு 13 பேரை அடைத்தார்கள். இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து நம்பர் பூட்டைத் திருகுகிறார்கள், நான்கு பேர் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள், மீதி ஏழு பேர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். உள்ளே போகும் முன் வரிசையிலேயே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள்: அடிபட்டால் பொறுப்பு அவரவருடையது. அந்தத் தாளை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

டிரெஷர் ஹன்ட்டில் வேலையைச் சுருக்குவது இன்னும் சுலபம். 5, 6 பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணியையும் வேறு வேறு இடத்திலிருந்து கிளப்பிச் சுற்றி வரச் செய்வதுதான் முறை. முதல் அணி 1-இல் தொடங்கினால் இரண்டாவது அணி 2-இல். அதற்கு அணிக்கு ஒரு வரிசையாகத் துப்புகளைத் தனித்தனியே அடிக்க வேண்டும். இவர்கள் ஒரே தாளை 7 பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது துப்புக்குள் யார் முன்னால் ஓடுகிறார்களோ அவர்கள் பின்னால் மற்ற ஆறு அணியும் போய்விட்டது. மூன்றாவது துப்பில் சொன்ன பெயர்ப்பலகை அந்த இடத்தில் இல்லவே இல்லை, கடை கைமாறியிருந்தது. "கடைசியா இந்த ரூட்டை யார், எப்போ நடந்து பார்த்தாங்க?" என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால்தான் சரி. பூங்கா, நினைவிடம் மாதிரி இடங்களில் கும்பலாக விளையாட அனுமதி தேவைப்படலாம். "பேசி வெச்சிருக்கோம்" என்பது அனுமதி ஆகாது, கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

பஸ்ஸில் நேரம் எப்படிக் கரைகிறது என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. 40 பேர் இறங்கி, ஆள் எண்ணி, மறுபடி ஏற ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 நிமிஷம் போகும். நான்கு நிறுத்தம் என்றால் 80 நிமிஷம். திட்டத்தில் அந்த 80 நிமிஷம் எழுதப்படவில்லை என்றால் அது உங்கள் ஆட்டத்திலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோதான் கழியும். வாடகை பஸ் நிற்கும் ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்கே திரும்பும் வரையா, நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, வெயிட்டிங்கும் பார்க்கிங்கும் உள்ளே அடக்கமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தலைக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. 38 பேருக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் கொடுத்துவிட்டு 32 பேர் வந்தால் 38-க்கும் கட்ட வேண்டும். சர்ப்ரைஸ் என்றால் லீவு போடுகிறவர்களும் அதிகம், போகும் இடம் தெரியாததால் யாரும் வேறு வேலையைத் தள்ளிப்போடுவதில்லை. உத்தரவாதத்தை 85 சதவீதத்துக்குப் பேசி, இறுதி எண்ணிக்கையை 72 மணி நேரம் முன்னால் சொல்வதாக வையுங்கள்.

"அல்லது இணையானது" என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: மாற்றம் இருந்தால் 48 மணி நேரம் முன்பு எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும், இல்லையேல் அந்த அம்சத்துக்கான தொகை திரும்ப வேண்டும். இதற்காகவே தலைக்கு இவ்வளவு என்ற ஒற்றைத் தொகையை ஏற்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விலை வேண்டும். மழை வந்தால் எங்கே என்பதும் முகவரியோடு இருக்கட்டும். பணத்தை 30, 50, 20 சதவீதமாகப் பிரியுங்கள். 30 பதிவுக்கு, கடைசி 20 எல்லாம் முடிந்த பிறகு. 50, இடங்கள் உறுதியான பிறகு. அதற்கு நீங்களே அந்த இடத்துக்குப் போன் செய்து, எந்தப் பெயரில், எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். ஏற்பாட்டாளர் கொடுத்த நம்பரில் அல்ல, நீங்களே தேடி எடுத்த நம்பரில். பில்லில் நிறுவனத்தின் பெயர், பணம் போகச் சொல்வது ஒரு தனிநபர் கணக்குக்கு என்றால் அதோடு பேச்சை நிறுத்திவிடலாம். அவர்கள் காட்டும் போட்டோக்களைப் படத் தேடலில் போட்டுப் பார்ப்பதும் நல்லது, ஊரான் வீட்டு விசேஷத்தைத் தங்களுடையதாகக் காட்டுகிறவர்கள் நிறைய.

டீமிடம் மறைக்க வேண்டியது இடத்தின் பெயரை மட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம், எவ்வளவு தூரம் நடை, என்ன செருப்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியவர் இருப்பார். ஒவ்வாமை, முழங்கால் வலி, பூட்டிய அறை பயம் இதையெல்லாம் 10 நாள் முன்பே ஒரு படிவத்தில், ஒருவர் மட்டும் பார்க்கும்படி வாங்கிவிடுங்கள்.

கெட்டுப்போனால் அன்றைக்கே நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள், 24 மணி நேரத்துக்குள் அம்சம் வாரியாக மெயில் அனுப்புங்கள். மீதி 20 சதவீதம் உங்கள் கையில் இருக்கும் வரைதான் அவர்கள் போனை எடுப்பார்கள். அந்த 38 பேர் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை. மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலை திருப்தியாக முடிந்தது என்ற தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். டிரெஷர் ஹன்ட் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தத் தாளில் கையெழுத்தை, கடைசி ஆள் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு போடுங்கள்.