வயிற்று அறுவைக்குப் பின் வலிநீக்கம்: மார்பினா, எபிடியூரலா?

வயிற்றைத் திறந்து அறுவை செய்தபின் சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கும். இரைப்பைக்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும். இந்தத் தேக்கத்தில் உணர்வு நரம்புகளுக்கும் பங்குண்டு. காயத்தின் செய்தியை அவை தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்ல, நம் விருப்பமின்றி உள்ளுறுப்புகளை இயக்கும் பரிவு நரம்புகள் வழியே 'நில்' என்ற கட்டளை திரும்புகிறது.

மார்பின் என்ற ஓபியாய்டு (அபினி வகை) மருந்து வலியை நன்றாகவே அடக்கும். ஆனால் குடல் சுவரில் அம்மருந்து ஒட்டும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளையும் பற்றிக்கொண்டு, ஏற்கெனவே தயங்கும் அசைவை மேலும் மந்தமாக்கும். வலி தணிந்த நோயாளி வயிற்று உப்புசத்தால் அவதிப்படுவது கொடுமை.

நடுமுதுகில், தண்டுவட உறைக்கு வெளியே வைக்கும் மெல்லிய எபிடியூரல் குழாய் வழியே செலுத்தும் மரப்பு மருந்து, செய்தி, கட்டளை இரண்டையும் தடுக்கிறது. அசைவைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் தொடுவதில்லை. பெரிய திறந்த அறுவைகளுக்கு இதையே நான் மேலாகக் கருதுகிறேன். இரத்த அழுத்தம் குறையலாம், கண்காணிப்பு வேண்டும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் காயம் சிறியது. பெரும்பாலும் இது தேவைப்படாது.