குவாண்டம் கணக்கு எப்போது முடிகிறது? மூன்று வருட கிஸ்கிட் அனுபவம்

மூன்று வருடமாக கிஸ்கிட்டில் (குவாண்டம் நிரல் எழுதும் மென்பொருள்) சர்க்யூட், அதாவது குவாண்டம் கணினி செய்ய வேண்டிய படிகளை, எழுதி, ஒரு கிளவுட் சேவை வழியாக நிஜ குவாண்டம் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். "வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்?" புதிதாக வருகிறவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி எனக்கும் ரொம்ப நாள் இருந்தது.

அனுப்பிய ஜாப் வரிசையில் நிற்கும், ஓடும், அப்புறம் "டன்" என்று வரும். பல மணி நேரம் வரிசையில் நின்று சில நொடி மட்டும் ஓடிய நாட்கள் உண்டு. ஜாப் ஐடியை உடனே சேமித்துவிடுங்கள். ஸ்கிரிப்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் "டன்" என்றால் கேட்ட ஷாட்கள் (அதே சர்க்யூட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எல்லாம் ஓடிவிட்டன, அவ்வளவுதான். விடை பக்குவத்துக்கு வந்ததா என்று அது சொல்லாது. இது எனக்கு உறைத்தது க்ரோவர் தேடலில், அதாவது பல சாத்தியங்களில் சரியானதைத் தேடும் குவாண்டம் முறையில். விடை வரும் வாய்ப்பை மாற்றும் படிகளை ஒருமுறை செய்வது ஒரு சுற்று. 3 க்யூபிட் (குவாண்டம் பிட்), 8 சாத்தியங்கள், சரியான விடை ஒன்று. சிமுலேட்டரில் சரியான விடை வரும் வாய்ப்பு ஒரு சுற்றுக்கு 78%, இரண்டு சுற்றுக்கு 94.5%. இன்னும் ஒரு சுற்று விட்டால் நல்லதுதானே என்று விட்டேன், 33%-க்கு இறங்கிவிட்டது! மூன்று முறையும் காட்டியது அதே "டன்".

நடுவில் எட்டிப் பார்க்கலாம் என்றால், அளந்த உடனே சூப்பர்பொசிஷன் (பல நிலைகள் ஒன்றாக இருப்பது) போய்விடும். அதனால்தான் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1985-லேயே, முடிந்ததும் 1 ஆக மாறும் தனி க்யூபிட் ஒன்றை அடையாளக் கொடி மாதிரி வைத்து அதை மட்டும் பார்க்கலாம் என்றார். சூப்பர்பொசிஷனில் ஒரு கிளை 10 படியில் முடிந்து இன்னொன்று 100 படி ஓடினால், அந்தக் கொடி மற்ற க்யூபிட்களோடு பின்னிக்கொள்ளுமே, அதைப் பார்ப்பதும் கணக்கைக் கலைக்குமே என்று 1997-ல் மையர்ஸ் என்ற ஆய்வாளர் கேட்டார். முடிந்த கிளை அதற்குப் பிறகு எதையும் மாற்றாது என்றால் இறுதி நிகழ்தகவுகள் கெடாது என்று ஒசாவா என்ற இன்னொரு ஆய்வாளர் அடுத்த வருடம் பதில் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த விவாதம் இது.

நம் வேலைக்கு இவ்வளவு சிக்கல் வராது, சர்க்யூட்டின் நீளத்தை நாமே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறோம். விடைகள் எத்தனை என்றே தெரியாத தேடல்தான் கஷ்டம். அதில் ஒரு வரம்புக்குள் சுற்று எண்ணிக்கையைக் குத்துமதிப்பாக எடுத்து, அளந்து, வந்த விடையைச் சாதாரண கணினியில் சரிபார்க்கிறேன். தப்பென்றால் அந்த வரம்பைக் கொஞ்சம் கூட்டி மறுபடி முதலிலிருந்து. போன மாதம் 6 க்யூபிட் தேடல் ஒன்றில் நான்காவது முயற்சியில் விடை கிடைத்தது.