முட்டம் கரையில் நான்கு வருடம்: 14-ஆ, 20-ஆ?

இரவு வானம் எடுக்க எந்த லென்ஸ் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "14 எம்எம் எஃப்2.8" என்பார்கள். எம்எம் குறைந்தால் படத்தில் அதிக அகலம் விழும், எஃப் எண் குறைந்தால் அதிக வெளிச்சம் புகும். நானும் அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு, மேனுவல் ஃபோகஸ், முன்கண்ணாடி கோழிமுட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்றரை வருடம் கழித்து 20 எம்எம் எஃப்1.8 ஒன்றும் சேர்ந்தது. பிராண்ட் பெயர்களை விட்டுவிடுகிறேன். என் கைக்கு வந்த ஒரு பீஸின் குறைக்காகக் கம்பெனியை இழுப்பது நியாயமில்லை.

14-உடன் முதல் இரவு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் (வெகுதூரத்துக்கான குறி) வைத்துவிட்டு விடிய விடிய எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் வெந்த சவ்வரிசி. குறி ஓரிடம், உண்மையான முடிவிலி வேறிடம். அப்புறம் அகத்திய நட்சத்திரத்தை லைவ் வியூவில் (கேமராத் திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் வளையத்தின்மேல் டேப் ஒட்டப் பழகினேன்.

அடுத்தது வலது ஓரம். இடது மூலையில் புள்ளியாக விழுந்த நட்சத்திரம் வலது மூலையில் சிறகு விரித்த குருவியாக நின்றது. வெறும் கோமா (ஓரத்து நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும் லென்ஸ் குறை) என்றால் நாலு மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் உள்ளே ஏதோ கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. கடையில் மாற்றித் தரவில்லை, நாள் கடந்துவிட்டதாம். வாங்கிய அன்றே ஒரு நட்சத்திரத்தை நாலு மூலையிலும் வைத்து எடுத்துப் பார்த்திருக்கவேண்டும்.

ஆனால் 14-ஐ ஒதுக்க வைத்தது இதெல்லாம் இல்லை, உப்பு. முட்டம் பாறையில் அரைமணி நேரம் நின்றால் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம். முட்டைக் கண்ணாடியில் முன்பக்கம் ஃபில்டர் மாட்ட வழியில்லை. ஒவ்வொரு முறையும் லென்ஸையே துடைக்கவேண்டும், துடைக்கத் துடைக்க மேல்பூச்சில் கோடு விழும். 20-க்கு சாதாரண ஃபில்டர் போட்டுவிட்டு, கழுவித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறேன். வள்ளங்களின் விளக்கு நேராக அடிக்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் வானத்தில் போலி வெளிச்சப் பொட்டு விழும்.

கணக்குக்கு வருவோம். 14-ல் எஃப்2.8, 20 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 6400. 20-ல் நட்சத்திரம் கோடாகாமல் இருக்க 13 விநாடிதான் தாங்கும். ஓரம் சுத்தமாக வரத் திறப்பைக் கொஞ்சம் சுருக்கி எஃப்2-க்கு வைப்பேன், ஐஎஸ்ஓ 5000. பின்னணி வானத்தில் லாபம் கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். நட்சத்திரங்களின் கதை வேறு. 14-ன் திறப்பு 5 மில்லிமீட்டர், 20-ல் எஃப்2-க்கு 10 மில்லிமீட்டர். விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு. 14-ல் தெரியாத பொடி நட்சத்திரங்கள் 20-ல் கொட்டிக் கிடக்கும்.

14-ன் அகலத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. மார்ச் கடைசியில் நள்ளிரவு வாக்கில் தெற்கே கடலுக்கு மேல் திரிசங்கு (தென்சிலுவை விண்மீன் கூட்டம்) சுமார் 22 பாகை உயரத்தில் நிற்கும். இரண்டு மணிக்கு மேல் தென்கிழக்கில் பால்வீதியின் நடுப்பகுதி ஏறிவரும். அந்தத் தென்கிழக்கில்தான் கரையோர ஊர்களின் விளக்குகளும். 14-ல் அவ்வளவும் உள்ளே வந்துவிடும், போதாக்குறைக்குக் கலங்கரை விளக்கத்தின் வீச்சு வேறு. 20-ல் கொஞ்சம் திருப்பிப் பாதியைத் தவிர்க்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளை எந்த லென்ஸாலும் தவிர்க்கமுடியாது. அங்கே காற்றில் டிரைபாடே நிற்பதில்லை என்பது தனிக்கதை.

ஒரு ராத்திரி வலையோடு வந்த பெரியவர் ஒருவர், "மக்களே, இருட்டுல யாரைப் படம் பிடிக்க?" என்றார். திரையில் திரிசங்கைக் காட்டினேன். "இதுக்கு இவ்வளவு பெரிய கண்ணாடியா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பூஞ்சையையும் சொல்லவேண்டும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. லென்ஸ் காய நேரமே இல்லை. இரண்டாவது ஐப்பசியில் 14-க்குள் சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருந்தது. இப்போது இரண்டும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மீட்டரும் கூடவே. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் சரி.

14-லேயே எஃப்1.8 வேண்டுமென்றால் சிக்மாவில் 2017-லும் சோனியில் 2021-லும் வந்தவை இருக்கின்றன. சிக்மா ஒரு கிலோவுக்கு மேல், சோனி அரைக்கிலோவுக்குள். இரண்டிலும் முன்பக்கம் ஃபில்டர் மாட்டமுடியாது, அதனால் நம் கரைக்கு நான் யோசிப்பேன். பேச்சிப்பாறை மாதிரி உள்நாட்டில் எடுப்பவருக்கு உப்புத் தொல்லை இல்லை, பனிக்கு ஒரு ஹீட்டர் பட்டை சுற்றினால் போதும்.

பழைய 14-ஐ விற்கவில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே நின்று, தூண்களோடு மேலே நட்சத்திரமும் வேண்டுமென்றால் 20 போதாது. கெட்ட வலது ஓரத்தில் ஒரு தூணை நிறுத்திவிடுவேன்.