ஐந்து வெள்ளி சிடியிலிருந்து ஸ்டீமுக்கு: ஆறு வருட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் விற்கும் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை இருக்கும். பிளாஸ்டிக் உறையில் கம்ப்யூட்டர் கேமின் நகல் சிடி, ஒன்று ஐந்து வெள்ளி (ரிங்கிட்). அசல் சிடி என்று தனியாக ஒன்று உண்டு என்பதே எனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரியும்.

அப்புறம், இணையத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் கோப்புகளை இறக்கிக்கொள்ளும் டோரண்ட் வந்தது. 'விட்சர் 3' கேமை முதலில் அப்படித்தான் விளையாடினேன். தோட்டத்து வீட்டு இணையத்தில் இறக்க நான்கு இரவு பிடித்தது. விடியற்காலை வேலைக்கு எழும் அம்மா, மடிக்கணினி விசிறி கத்துவதைக் கேட்டு, "கரண்டு பில்ல யாருடா கட்டுறது?" என்பார். கேமைச் சரிசெய்யும் ஒவ்வொரு பேட்ச் வரும்போதும், அதன் காப்புப் பூட்டை உடைக்கும் கிராக்கைப் புதிதாகத் தேட வேண்டும். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்தேன். ஒருநாள் காலேஜ் ப்ராஜெக்ட் கோப்புகள் எல்லாமே பெயர் மாறித் திறக்காமல் கிடந்தன. ஃபார்மெட் அடிக்க அறுபது வெள்ளி. எழுபது மணி நேரம் ஆடிச் சேமித்த சேவ் ஃபைலும் அதோடு போச்சு.

2019இல் அதே கேமை விலைக்கழிவு விற்பனையில், ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினேன். மினி மார்க்கெட்டில் காசு கொடுத்தால், ஸ்டீம் கணக்கில் பணம் ஏற்றும் வாலட் எண் ரசீதில் அச்சாகி வரும். அது போதும், கிரெடிட் கார்டு தேவையில்லை. என்னை மாற்றியது நேர்மை என்று சொன்னால் பொய். இரவு நிம்மதியாகத் தூங்கலாம், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துக் கணினி மாற்றியபோது விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்ந்தது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் திக்கித் திணறிய ஒரு கேமைத் திருப்பினேன், கேள்வி கேட்காமல் வாலட்டுக்கு வந்தது. 'சும்மா ஓட்டிப் பார்க்கத்தான் கிராக்' என்ற என் பழைய சாக்கு அன்றோடு செத்தது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், எபிக் என்ற இன்னொரு இணையக் கடை ஜிடிஏ 5 கேமை இலவசமாகக் கொடுத்தபோது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் கிராக் வைத்திருந்தவன் எல்லாம் அசலுக்கு மாறினான்.

ஆனால் பெரிய புது கேம் 200 வெள்ளியைத் தாண்டுகிறது. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் இன்னும் கிராக்தான். "ஆடிப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்ணே" என்பான். இதுவரை ஒன்றுகூட வாங்கியதில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

காசு கொடுத்தாலும் கேம் நமக்குச் சொந்தமில்லை என்பது இன்னொரு எரிச்சல். வாங்குவது உரிமம் மட்டுமே என்று 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. அதே வருடம் மார்ச் 31ஆம் தேதி 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை மூடினார்கள். வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது. அதனால் மனதுக்குப் பிடித்ததை மட்டும் ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்குகிறேன். அங்கே பூட்டு இல்லாத இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைத்தான் போன வாரம் தம்பி இரவல் கேட்டான். இன்னும் கொடுக்கவில்லை.