60 சீட்டு, 59 விலங்கு

படம் வரைவதுதான் என் பிழைப்பு. சிறுவர் கதைகளுக்கு வரைகிறவளுக்கு, இல்லாத விலங்கின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது தினசரித் தலைவலி. அதற்கு உதவும் என்று வாங்கியதுதான் இந்தப் புராண விலங்குச் சீட்டுப் பெட்டி. முன்பக்கம் படம், பின்பக்கம் நாலு வரிக் கதை. அட்டை நல்ல தடிமன். ஒரு மாதமாகப் புரட்டியும் முனை மடங்கவில்லை.

முதலில் கப்பாவைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ஆற்றுப் பூதம். உச்சந்தலைக் குழியில் தேங்கிய நீரில்தான் அதன் பலமெல்லாம். ஆனால் மரியாதை தெரிந்த பூதம். நாம் குனிந்து வணங்கினால் தானும் குனியும், நீர் கொட்டும், கதை முடிந்தது. ஓவியர் சரியாக அந்த நொடியைப் பிடித்திருக்கிறார். உடம்பு பாதி குனிந்துவிட்டது, நீர் குழியின் விளிம்பில் நிற்கிறது, கண் மட்டும் மேலே பார்த்துத் திகைக்கிறது. நான் பொறாமைப்பட்ட சீட்டு இது.

கிரிஃபினும் அழகு. கழுகு முடிந்து சிங்கம் தொடங்கும் இடத்தில் பலரும் தையல் போட்டது போல ஒட்டிவிடுவார்கள். இங்கே இறகு நுனிகள் மெலிந்து மெலிந்து, விலாவுக்கு வரும்போது ரோமமாகிவிடுகின்றன.

டிராகன்களில்தான் கோட்டைவிட்டார்கள். பிரிட்டனின் குலச்சின்ன மரபில் டிராகனுக்கு நாலு கால், அதன் உறவுக்கார விலங்கு வைவர்னுக்கு இரண்டு. இந்தப் பெட்டியின் 'டிராகன்' இரண்டே காலில் நிற்கிறது. சீன டிராகனுக்கு வௌவால் இறக்கை வேறு! அது பெரும்பாலும் இறக்கை இல்லாமலே பறக்கிற ஜாதி. பேரரசரின் டிராகன் என்று பின்னால் எழுதிவிட்டு, முன்னால் மூன்று நகம் போட்டிருக்கிறார்கள். பேரரசருக்கு உரியது ஐந்து. பாடி மாலுமிகளை மயக்கும் கிரேக்கப் புராணத்துச் சைரனுக்கு மீன் வாலாம். பழைய கிரேக்க ஜாடிகளில் அவள் பறவை உடம்போடு இருப்பாள், வால் பின்னால் வந்த சேர்க்கை. அடுத்த சீட்டில் கடற்கன்னி. தலைமுடி நிறம் மட்டும் வேறு.

எழுத்து பரவாயில்லை. 1414இல் வங்காளத்திலிருந்து சீனாவின் மிங் பேரரசருக்குப் போன ஒட்டகச்சிவிங்கியை அரண்மனையில் கிலின் என்ற மங்கலப் புராண விலங்காகவே கொண்டாடிய கதை சுருக்கமாக, சுவையாக இருக்கிறது. ஆனால் சீனப் புராணப் பறவையான ஃபெங்ஹுவாங்குக்குச் சாம்பலிலிருந்து எழும் கதையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அது ஃபீனிக்ஸ் கதையம்மா. ஃபீனிக்ஸுக்கே அது பிற்காலத்தில் ஒட்டியது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதில் 500 ஆண்டுக்கொருமுறை பறவை வரும், நெருப்பே கிடையாது.

அசுணம் இல்லை என்பது என் சொந்த வருத்தம். யாழிசையில் சொக்கி, பறையொலி கேட்டால் உயிரை விடும் சங்கப் பாட்டு விலங்கு. காதாலேயே வாழ்ந்து காதாலேயே சாவதை எப்படி வரைவார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

இன்னொன்று. பட்டியலில் இருக்கும் பசிலிஸ்க், அதாவது பார்வையாலேயே கொல்லும் பாம்பு, பெட்டிக்குள் இல்லை. காளைத் தலை மனிதனான மினோட்டார் இரண்டு இருக்கிறது. விற்றவர்களுக்கு எழுதினேன். "60 சீட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. எண்ணினேன். 60 இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று தருகிறேன், அதில் ஒன்று கப்பாவுக்கு. இரண்டாவது மினோட்டார் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி அசுணம் வரையத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை காது மட்டும்தான் வந்திருக்கிறது.