புனலின் அளவு பார்த்து வாங்க வேண்டிய பிரெஸ்ட் பம்ப்

குழந்தை பிறந்த மூன்றாம் வாரத்தில், பால் போதவில்லையோ என்ற அச்சத்தில், இருபுறமும் ஒரே நேரத்தில் இயங்கும் தாய்ப்பாலைக் கறந்தெடுக்கும் மின்சார பிரெஸ்ட் பம்ப் ஒன்றை வாங்கினேன். உண்மையில் எனக்கு முதலில் தேவைப்பட்டது கருவி அன்று. குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்றும்படி, அருகில் அமர்ந்து பொறுமையாகக் கற்றுத்தந்த அரசு மருத்துவமனைச் செவிலியர் அக்காவின் உதவிதான். சில நாட்களிலேயே காம்பில் இருந்த புண் ஆறத் தொடங்கியது.

வேலைக்குத் திரும்பிய பிறகே பம்ப் பயன்பட்டது. பெட்டியில் வந்த 24 மில்லிமீட்டர் புனல், அதாவது மார்பின் மேல் பொருத்தும் பகுதி, எனக்குப் பெரிதாக இருந்ததால் கருவட்டமும் உள்ளே இழுக்கப்பட்டு வலித்தது. காம்பின் விட்டத்தை அளந்து, 19 மில்லிமீட்டர் புனலைத் தனியே வாங்கிப் பொருத்தியதும் வலி நின்றது, பாலும் கூடுதலாக வந்தது. விற்பவர்கள் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. மற்றபடி பம்ப்பின் ஓசை குறைவு. பால் மோட்டாருக்குள் திரும்பிச் செல்லாமல் தடுக்கும் அமைப்பும் இருக்கிறது. கறந்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் வைக்கலாம் என்றாலும், சென்னை வெயிலில் நான் ஐஸ் வைத்த பையிலேயே எடுத்துச் செல்கிறேன். எப்போதாவது மட்டும் பால் எடுப்பவர்களுக்கு, விலை குறைந்த கைப் பம்ப்பே போதும்.