நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது: சில வருட அனுபவம்

ஒட்டுசுட்டான் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்கு வைத்தியரிடம் போய் வருவதே அரைநாள் வேலை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஓட்டோதான் பிடிக்க வேண்டும். காசும் நேரமும் செலவழித்துப் போகிறோம். போனால் வேலை முடிய வேண்டும். எங்கள் ஜிம்மியோடு போய்வந்ததில் எனக்குப் பிடிபட்டவை இவை.

முதலில் தொலைபேசி. அரச கால்நடை வைத்தியர் மாடு, ஆடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர். எங்காவது பசு கன்று போட முடியாமல் அந்தரப்பட்டால் அங்கே ஓடத்தானே வேண்டும்? அதனால் முதல் நாளே எடுத்து, எத்தனை மணிக்கு இருப்பார், வேண்டிய ஊசி கையிருப்பில் உண்டா என்று கேட்டுவிடுவேன்.

கருத்தடைக்கு வவுனியாவில் தனியார் கிளினிக் ஒன்றில் நேரம் எடுத்தோம். முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்றார்கள். மயக்கத்தில் சத்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சின்னக் குட்டி என்றால் அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது ஒரு பாடசாலைக் கொப்பி. ஜிம்மி சோர்ந்து படுத்தபோது, எப்போதிருந்து சாப்பிடவில்லை, சத்தி உண்டா, சலம் என்ன நிறம் என்று எழுதி வைத்திருந்தேன். ‘சலம் கடும் தேத்தண்ணி நிறம்’ என்ற வரியை வாசித்ததும் வைத்தியர் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். வெளிறிப்போயிருந்தது. காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் விரலை விட்டு உண்ணி தேடினார். பிறகு காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்தார். உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் பபேசியா என்ற கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கிறது. சலம் கறுப்பது அதனால்தான் என்று ஆறுதலாக விளக்கினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இவ்வளவு சுருக்காகப் பிடிபட்டிருக்குமா தெரியாது.

வயிற்றோட்டம் என்றால் அன்று காலை போன மலத்தைச் சின்னப் போத்தலில் எடுத்துப் போங்கள். நொண்டுதல், இருமல் என்றால் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். அங்கே போனதும் பயத்தில் நொண்டாமல் நடக்கும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். பூனைக்கு அரை மாத்திரையே உயிரை எடுக்கும், நாய்க்கும் ஆபத்து.

விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடுகிறோம். அடுத்த திகதியை அட்டையில் குறித்து வாங்காமல் நான் கிளம்புவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் நாய்க்கும் இப்போது அதே கிழமைதான். வாய்க்கட்டுப் போட்டு இரண்டையும் ஒரே ஓட்டோவில் ஏற்றுகிறோம், கூலி பாதி பாதி. வெயில் ஏற முன்னம் வீட்டுக்கு வந்துவிடலாம்.